பளிச்சு கழுவிய முட்டைகள்

என் ஓரகத்தியை அழுக்குக்காரி என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முட்டை ஆலை பன்னிரண்டு நாள் பூட்டிக் கிடந்ததற்கு அவள்தான் காரணம் என்கிறார்கள். பூட்டிக் கிடந்தது உண்மை. அவள் கொடுத்த முட்டையால் கிடந்ததும் உண்மை. ஆனால் அழுக்குக்காரி என்ற சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். யார் சொன்னாலும் நின்று சண்டை போடுவேன். அழுக்கால் கெட்டவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். சுத்தத்தால் கெட்டவள் அவள் ஒருத்திதான்.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நான் துடைப்பத்தைத் தேடினேன். காணோம். பார்த்தால் கழுவி வெயிலில் காயப்போட்டிருக்கிறாள். துடைப்பத்தைக் குளிப்பாட்டின ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "விட்டா இவ சோப்பையும் சோப்புப் போட்டுக் கழுவுவா" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கொழுந்தன் சுவருக்கு வண்ணம் அடிக்கிற தொழிலாளி. மேலெல்லாம் சுண்ணாம்பும் பெயிண்டுமாக வருகிறவனை அவள் குழாயடியிலேயே நிறுத்திவிடுவாள். "நான் நாள் பூரா சுவருக்கு வெள்ளையடிக்கிறேன், சாயங்காலம் இவ எனக்கு அடிக்கிறா" என்பான். பளிச்சு என்று பேர் வைத்தவனும் அவன்தான். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவள் சொந்தப் பேரைச் சொன்னால் தபால்காரர்கூட யோசிப்பார்.

எங்களுக்கு ஒரே வீடு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் அவள் அடுப்பு, இந்தப் பக்கம் என் அடுப்பு, பின்னால் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய். ஓரகத்திகள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துச் சண்டை வராமல் முப்பது வருஷம் ஓட்டினோம் என்றால், அதில் பாதி என் பொறுமை, மீதி அவள் சுத்தம். என் பாத்திரத்தையும் சேர்த்துத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போவாள். வாய் பேச ஆரம்பிக்கும் முன்பே கை வேலையை முடித்துவிடும்.

கொழுந்தன் நுரையீரல் கெட்டு இறந்தபோது அவள் மகளுக்குப் பதினோரு வயது. அவள் அழுது முடித்து எழுந்து, இருபது கோழி வாங்கினாள். முற்றத்தின் கடைசியில் தகரம் போட்டுக் கொட்டகை கட்டினாள். இருபது ஐம்பதாகி, ஐம்பது இருநூறானது. கோழிக் கொட்டகை என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவோமே, அவள் கொட்டகைக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தக் கோழிகளை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்து வெளியூரில் கட்டிக்கொடுத்தாள். மகள் போன பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்தக் கோழிகளும் ஒரு நம்பரும்தான்.

நம்பர் என்றால் சொல்கிறேன். எங்கள் தெருக்கோடியில் இருந்தது முட்டை உடைக்கிற ஆலை. கடைக்குப் போகாத முட்டை அங்கே வரும். விரிசல் விட்டது, சிறுத்தது, கோணலானது எல்லாம் வரும். அதை உடைத்து, ஒன்றாகக் கலந்து, சூடு காட்டி, டின்னில் அடைத்து ரொட்டி சுடுகிற இடங்களுக்கு அனுப்புவார்கள். முட்டை கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. முட்டை அடுக்குகிற அட்டை மேல் அந்த நம்பர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். எங்கே யாருடைய முட்டை கெட்டாலும் பிடித்துவிடலாம் என்று சர்க்கார் போட்ட சட்டம். அவள் நம்பர் நாற்பத்தொன்று. என்னைப்போலவே அவளுக்கும் எழுத்து வராது. நாலையும் ஒன்றையும் மட்டும் எழுதக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் தன் கையாலேயே போடுவாள். நாலின் கால் எப்போதும் கொஞ்சம் நீண்டிருக்கும். கடையில் விற்க அவளுக்கு அனுமதி கிடையாது. அது பெரிய பண்ணைக்காரர்களுக்கு. அந்த நம்பர் போனால் அவள் கோழிகள் போடுகிற முட்டை குப்பைக்குத்தான்.

நான் வேலை பார்த்தது உடைக்கிற மேசையில். மேசை விளிம்பில் ஒரு தகடு, கீழே ஒரு கிண்ணம். முட்டையைத் தகட்டில் தட்டிக் கிண்ணத்தில் விட்டு, பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் வாளியில் ஊற்ற வேண்டும். கெட்டது வந்தால் கையை நிறுத்தி, அட்டை நம்பரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். மேற்பார்வை பார்க்கிறவர் வந்து எழுதிக்கொள்வார். கிண்ணமும் தகடும் கழுவப் போகும். முதல் தடவை நம்பர்க்காரருக்கு எச்சரிக்கை. இரண்டாம் தடவை கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்கள். மூன்றாம் தடவை நம்பரைப் பிடுங்கிவிடுவார்கள். இது எனக்கு என் பேரைப்போலத் தெரியும்.

நம்பர் கொடுத்த அன்று ஆலை எழுத்தர் எல்லாரையும் வாசலில் உட்காரவைத்து விதிகளைப் படித்தார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போல ஒரே ஓட்டம். ஏழாவது விதி வந்ததும் எல்லாருமே தலை தூக்கினோம். முட்டையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. அழுக்கான முட்டையைத் தனி அட்டையில் வைத்துச் சிவப்புக் கயிறு கட்டித் தர வேண்டும்.

"கழுவாத முட்டைதான் வேணுமாம். நல்லா இருக்கே கதை" என்றாள் ஒருத்தி.

"ஏங்க, ஏன் கழுவக் கூடாது?" என்று பளிச்சு கேட்டாள்.

எழுத்தர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன்னு போடலம்மா. கூடாதுன்னு போட்டிருக்கு. கைநாட்டு வைங்க, அடுத்த ஆள் வரட்டும்."

வைத்தாள். வைத்தபடியே நடந்தும் காட்டினாள். ஒன்பது வருஷம் அவள் ஒரு முட்டையிலும் தண்ணீர் படவிடவில்லை. கொட்டகை சுத்தமாக இருந்ததால் முட்டையும் சுத்தமாகவே வந்தது. சிவப்புக் கயிறு அவளுக்குத் தேவைப்படவில்லை.

பத்தாவது வருஷம் மழை பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்கச் சேறு. கோழி வெளியே போய்ச் சேற்றை மிதித்துவிட்டு வந்து கூட்டில் ஏறி முட்டை போடும். எத்தனை வைக்கோல் மாற்றினாலும் முட்டையில் சேற்றுக் கால் பதிந்துவிடும். அவள் விதிப்படி அந்த முட்டைகளைத் தனியாகப் பிரித்தாள். சிவப்புக் கயிறு கட்டினாள். ஒரு அட்டை, இரண்டு அட்டை, பிறகு ஐந்து.

எங்கள் மேசையில் ஒருத்தி உண்டு. நல்ல உயரம். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம். வாய் அதைவிட நீளம். அன்று அட்டைகள் வந்து இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"இது யாரு அட்டை? சிவப்புக் கயிறா தொங்குது, தோரணம் மாதிரி!"

"நாப்பத்தொண்ணு" என்றேன்.

"உங்க பளிச்சா? அப்போ பளிச்சுங்கறது வெறும் பேருதானா? துடைப்பத்தைக் குளிப்பாட்டுறவ கோழியைக் குளிப்பாட்ட மறந்துட்டாளோ?"

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் குழாயடியில் அவளிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். கேட்டுச் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த செம்பைக் கவிழ்த்துவைத்துவிட்டு, "மேசையில எல்லாரும் கேட்டாங்களாக்கா?" என்றாள். "ஆமாண்டி, அவ கிடக்கறா வாயாடி" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று அவள் அடுப்பு எரியவில்லை. சொன்னவள் ஒட்டடைக்குச்சி. ஆனால் அந்தச் சொல்லை வீடுவரைக்கும் சுமந்து வந்தவள் நான்.

இரண்டு நாள் கழித்து வேலைக்குக் கிளம்பினபோது பார்த்தேன். குழாயடியில் பெரிய அலுமினியத் தொட்டி நிறையத் தண்ணீர். அப்போதுதான் கோழிக்கு அடியிலிருந்து எடுத்த முட்டைகள், சூடு ஆறாதவை, அதில் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து வெள்ளைத் துணியில் துடைத்து அடுக்குகிறாள்.

"கழுவக் கூடாதுன்னு சொன்னாங்களேடி?"

"கழுவாத முட்டையை நீங்க திம்பீங்களாக்கா?"

"நான் திங்கமாட்டேன்."

"ஊரு மட்டும் திங்கணுமா? யாரோ சோம்பேறிக்காகப் போட்ட விதி அது. அரைகுறையாக் கழுவி ஈரத்தோட கொண்டாந்து வைப்பாங்கன்னு போட்டிருப்பான். நான் துடைச்சுத்தானே தர்றேன்?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றைக்கு என்னைக் கேட்டாலும், ஏன் என்று தெரியாமல் கேட்டால், நியாயமாகத்தான் படும். அந்த வாரம் நாற்பத்தொன்றில் ஒரு சிவப்புக் கயிறும் இல்லை. முட்டையெல்லாம் பல் விளக்கினமாதிரி. மேற்பார்வையாளர் ஒன்றைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "பாருங்க, மழைக்காலத்துலயும் இப்படித் தர்றாங்க ஒருத்தங்க." ஒட்டடைக்குச்சி வாயைக் கோணிக்கொண்டாள். அதையும் நான் வீட்டில் வந்து நடித்துக் காட்டினேன். அன்று பளிச்சு சிரித்தாள்.

மழையில் டின் எடுக்கிற வண்டிகள் சரியாக வரவில்லை. உடைப்பது குறைந்தது. முட்டை அட்டைகள் கிடங்கில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று தங்கின.

பிறகு ஒரு நாள் நாற்பத்தொன்றிலிருந்து ஒரு முட்டையைத் தட்டினேன். நாற்றம் எதுவும் இல்லை. ஆனால் வெள்ளைக்கருவில் ஒரு பச்சை. பாசி படிந்த குளத்து ஓரம் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய பச்சை. பழகாத கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் நம்பரைக் கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தேன். எதிரே ஒட்டடைக்குச்சி உட்கார்ந்திருக்கிறாள். மேற்பார்வையாளர் மெச்சி மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு முட்டைதானே என்று நினைத்தேன். கிண்ணத்தைக் கழிவு வாளியில் கவிழ்த்தேன். இருமுவதுபோல இருமினேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஐந்து. ஒன்றை மறைத்தவளுக்கு ஐந்தை மறைப்பது பெரிதில்லை. என் கைக்கு வந்ததை நான் ஒதுக்கினேன். மற்ற மேசைக்குப் போனதை யார் ஒதுக்கினார்கள்? அது என் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் அவளிடம் பாதிதான் சொன்னேன். "முட்டை சீக்கிரமாக் கெடுதுடி. கொஞ்சம் பார்த்துக்க." பச்சை என்று சொல்லவில்லை, எத்தனை என்று சொல்லவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து தொட்டி இரண்டானது. முதல் தொட்டியில் தேய்த்து, இரண்டாம் தொட்டியில் பானைத் தண்ணீர் ஊற்றி அலசினாள். நன்றாகக் குளிர்ந்த தண்ணீர். கெடுகிறது என்றால் இன்னும் கழுவ வேண்டும் என்றுதானே அவளுக்குத் தோன்றும்? முழுதாகச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாள். பாதி சொன்னதால் இரண்டு மடங்காக்கினாள்.

பிறகு ஆலையில் எல்லா முட்டையையும் கலக்கிற பெரிய தொட்டியே கெட்டுப்போனது. சூடு காட்டிய பிறகும் கிருமி அளவுக்கு மேல் நிற்கிறது என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து செய்தி வந்தது. சூடு கொஞ்சம் கிருமியைத்தான் கொல்லுமாம். திருவிழாக் கூட்டமாக வந்தால் நாலு தப்பித்துவிடுமாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒரு டின்னை எடுத்துப் பார்த்து, முந்நூறு டின்னையும் திருப்பி வரவழைத்தார்கள். அதைச் சாப்பிட்டு யாரும் நோயில் படுக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. டின்களைத் திறந்து, மறுபடி யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி ஒவ்வொன்றிலும் நீலச் சாயம் ஊற்றினார்கள். அதுவும் விதி. ஆலை வாசலில் பூட்டு விழுந்தது.

உணவு இன்ஸ்பெக்டர் வந்தார். பெண்மணி; நடுவயது; காலில் ரப்பர் செருப்பு. குரல் உயர்த்தாத ஆள். கிடங்கை இருட்டாக்கி, கையில் ஒரு ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு அட்டை அட்டையாகப் பார்த்தார். கூடப் போன எழுத்தர் எங்களிடம் வந்து சொன்னார். மற்ற முட்டையெல்லாம் ஒரு விதமாகத் தெரிந்ததாம். நாற்பத்தொன்று மட்டும் வேறு விதமாகத் தெரிந்ததாம். அதில் சில முட்டை உள்ளிருந்தே மின்மினிபோலப் பச்சையாக ஒளிவிட்டதாம்.

மறுநாள் காலை எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார், எழுத்தரையும் கூட்டிக்கொண்டு. பளிச்சு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இவ்வளவு சுத்தமான கொட்டகையை நான் பார்த்ததில்லம்மா" என்றார். பளிச்சு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். 

"முட்டையைக் கழுவினீங்களா?"

அவளுக்குப் பொய் வராது. "கழுவினேன். நல்லாத்தான் கழுவினேன். ரெண்டு தண்ணி."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. கோழிக்கு அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவரச் சொன்னார். ஒரு டம்ளரில் பானைத் தண்ணீர் கேட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் புட்டி எடுத்து நாலு சொட்டு விட்டார். டின்னில் ஊற்றின அதே நீலம். சூடாக இருந்த முட்டையை அதற்குள் போட்டார். பிறகு மகளைப் பற்றி விசாரித்தார், கோழித் தீவனம் பற்றிக் கேட்டார், நான் கொடுத்த டீயைக் குடித்தார். குடித்து முடித்து முட்டையை எடுத்தார். துணியால் நன்றாகத் துடைத்து, உடைத்து, உள்ளே இருந்ததை ஒரு கிண்ணத்தில் விட்டுவிட்டு, ஓட்டை மட்டும் பளிச்சின் கையில் கொடுத்தார்.

ஓட்டின் உள்பக்கம் கடுகு கடுகாக நீலப் புள்ளிகள்.

"கோழி முட்டை போடும்போதே ஓட்டு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு பூசித்தான் போடுதும்மா. ஓட்டுல பொடிப்பொடியா ஆயிரக்கணக்கா ஓட்டை. அதை அடைக்கத்தான் அந்தப் பூச்சு. நீங்க தேய்ச்சப்போ அது போயிருச்சு. சூடான முட்டை குளிர்ந்த தண்ணியில விழுந்தா உள்ள இருக்கறது சுருங்கும். சுருங்கும்போது மூச்சு இழுக்கற மாதிரி வெளியில இருக்கறதை உள்ள இழுத்துக்கும்."

"அப்போ நான் கழுவினதெல்லாம்..."

"வெளியில இருந்த அழுக்கை உள்ள அனுப்பினீங்கம்மா."

அவள் அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொட்டகையில் ஒரு கோழி கத்தி ஓய்ந்தது. பிறகு எழுத்தரைப் பார்த்துக் கேட்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேய்யா? நான் ஏன்னுதானே கேட்டேன்?"



அன்று மத்தியானம் ஆலை அலுவலகத்தில் விசாரணை. இன்ஸ்பெக்டர், மேற்பார்வையாளர், உடைக்கிற மேசைக்காரிகள் ஒன்பது பேர், நடுவில் பளிச்சு. இன்ஸ்பெக்டர் பதிவு நோட்டைப் புரட்டினார்.

"ஒண்ணு எனக்குப் புரியல. இத்தனை முட்டை கெட்டிருக்கு. நாப்பத்தொண்ணுங்கற நம்பரை ஒரு மேசையில இருந்தும் ஒரு தடவைகூடக் கூப்பிடல. எச்சரிக்கையே இல்லாம நேராத் தொட்டிவரைக்கும் எப்படி வந்தது? மேசையில யாராவது பார்த்துட்டுச் சொல்லாம விட்டிருந்தா, அது மேசையோட தப்பு. அப்போ இவங்க நம்பரைப் பிடுங்க மாட்டேன். மூணு மாசம் நிறுத்திவெச்சுட்டுத் திரும்பக் கொடுத்துடுவேன். யாராவது பார்த்தீங்களா?"

இவ்வளவு தெளிவாகக் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பர் அவளிடமே இருந்திருக்கும். என் வேலை போயிருக்கும். வீட்டில் என் வீட்டுக்காரர் கால் முறிந்து கட்டிலோடு கிடந்தார். என் சம்பளத்தில்தான் மருந்து. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன். நான் சொல்லவில்லை.

பளிச்சு என் பக்கம் திரும்பினாள். ஒரு பார்வைதான். அதில் என்னை முழுதும் படித்துவிட்டாள். எழுத்துத் தெரியாதவள் எப்படிப் படித்தாளோ.

"மேசையில எல்லாரும் நல்லாத்தான் பார்த்தாங்க. நான்தான் பளபளன்னு தேய்ச்சு ஏமாத்திட்டேன்" என்றாள்.

"ஏமாத்தணும்னா செஞ்சீங்க?"

"சிவப்புக் கயிறு கட்டக் கூடாதுன்னு செஞ்சேன். ஏமாத்தினதுதானே அது?"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். நாற்பத்தொன்று போயிற்று. ஏமாற்றும் நோக்கத்துடன் செய்தது என்று காகிதத்தில் ஏறியது.  வெளியே வந்ததும் ஒட்டடைக்குச்சிதான் பளிச்சுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டாள்.

"சீக்கிரம் கெடுதுன்னு நீங்க சொன்னீங்களே, அன்னிக்கே பார்த்துட்டீங்களாக்கா?"

"ஆமாண்டி."

"எத்தனை?"

"முதல்ல ஒண்ணு. அப்புறம் மூணு. அப்புறம்..."

"போதும், விடுங்க. மாமாவுக்கு மருந்து வாங்கணுமே. ரெண்டு அடுப்பும் அணைஞ்சா யாரு ஏத்துறது?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, சரியாகப் போயிருக்கும். அவள் திட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. குழாயடியில் நிற்கும்போதெல்லாம் தொண்டைவரை வரும். "தண்ணி நிரம்பிடுச்சுக்கா" என்பாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

கோழிகளை இறைச்சிக்கு எடுக்கிற லாரி வந்தது. இருநூற்றுச் சொச்சம் கோழிகள். லாரிக்காரர்கள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டில் திணித்தார்கள். "மெதுவாங்க, மெதுவாங்க" என்று அவர்கள் பின்னாலேயே நடந்தாள். ஒருவன் திரும்பிச் சொன்னான், "சாகப் போறதுக்கு மெத்தை போடவாம்மா?" 

அதற்குப் பிறகுதான் எனக்குப் பொறுக்க முடியாத ஒன்று நடந்தது. ஒரு டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பாள். "அக்கா, இதைக் கழுவலாமா?" என்று கேட்பாள். விளையாட்டுக்கு இல்லை. நிஜமாகவே கேட்பாள். அரிசியைக் களைவதற்குக் கேட்டாள். துணியை ஊறவைக்கக் கேட்டாள். தன் கை செய்வது எதுவும் சரிதானா என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. "கழுவுடி, கழுவு. நான் சொல்றேன்" என்று பிடித்துத் தள்ளுவேன். குழாயடிக்குப் போவாள், குழாயைத் திறப்பாள், தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், மூடிவிட்டு வந்துவிடுவாள். அவள் பாத்திரத்தை நான் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் அளவுக்கு எனக்கு வராது. கரி ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் பார்ப்பாள். அப்படியே எடுத்துக்கொண்டு போவாள்.

ஆறு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார், ஒரு ஃபாரத்தோடு. புதிதாக நம்பர் கேட்டு எழுதலாம், தானே சிபாரிசு செய்வதாகச் சொன்னார். "கழுவ மாட்டேன்னு ஒரு உறுதி மட்டும் கொடுங்கம்மா. உங்க கொட்டகை மாதிரி எனக்கு நாலு கொட்டகை இருந்தா என் வேலை பாதி."

பளிச்சு ஃபாரத்தைக் கையால் தொடவில்லை. "நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சது அப்படி ஆச்சு. இன்னும் என்னென்ன நல்லதுன்னு நினைச்சிட்டிருக்கேனோ. வேணாம் தாயி. ஊரு சாப்பிடற சாப்பாடு" என்றாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "அம்மா, அன்னிக்கு மேசையில நான்..." பளிச்சு என் கையை அழுத்திப் பிடித்தாள். "அக்காவுக்கு அன்னிலேர்ந்து மனசு சரியில்ல. ஏதாவது பேசுவாங்க. நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்." இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். நான் மறுபடி முயற்சி செய்யவில்லை. கையைப் பிடித்தாள் என்பது ஒரு காரணம். விட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பேனா என்பது இன்னொரு கேள்வி.

மகள் வந்து பளிச்சைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒன்றரை வருஷம் இருந்தாள். சாதாரணக் காய்ச்சல்தான், நெஞ்சில் இறங்கிவிட்டது. தகவல் வந்து நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துபோயிருந்தது. "கடைசிவரைக்கும் ஒரு வேலையும் செய்யாம உட்கார்ந்தே இருந்தாங்க பெரியம்மா. எங்கம்மாவா இதுன்னு இருந்துச்சு" என்றாள் மகள். 

அந்த விசாரணைக்குப் பிறகு ஆலையில் நான் ஒரு முட்டையைக்கூட மறைக்கவில்லை. நம்பரைக் கூப்பிட்டால் கூரை அதிரும். கல்நெஞ்சக்காரி என்று பேர் வாங்கினேன். ஏழு வருஷம் அப்படிக் கத்திவிட்டு, கண் புரை விழுந்ததும் வேலையை விட்டேன். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். இனி என் வேலையைப் பிடுங்க யாரும் இல்லை என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. பெரிய தைரியம்!

பஸ் ஏறி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அந்தம்மா மாற்றலாகிப் போய்விட்டார்கள். புதிதாக ஒரு அதிகாரி இருந்தார். சொன்னேன். எல்லாவற்றையும், முதல் பச்சை முட்டையிலிருந்து.

"பாட்டி, இது மூடின ஃபைல். அவங்களும் இறந்துட்டாங்கன்னு சொல்றீங்க. இப்போ எழுதி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. எழுதுங்க."

"யாருக்கும் இதனால..."

"அவ ஏமாத்தினான்னு ஒரு காகிதம் உங்க அலமாரியில இருக்குல்ல? அது பக்கத்துல இதுவும் இருக்கட்டும். எழுதுங்க தம்பி, நான் எழுந்து போகப் போறதில்ல."

மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கேட்கத் தெரியும். மேசையில் இருந்த பெண் கவனக்குறைவால் கெட்ட முட்டையைக் கவனிக்கத் தவறினார் என்று படித்தார்.

"அது இல்ல. அடிங்க அதை."

"எல்லாம் ஒண்ணுதான் பாட்டி. இப்படி எழுதினா உங்களுக்கும் நல்லது."

"எனக்கு நல்லது செஞ்சவ ஒருத்தி போயிட்டா. நீங்க வேற செய்ய வேணாம். கவனிச்சேன். ஒவ்வொண்ணையும் பார்த்தேன். தெரிஞ்சே மறைச்சேன். அப்படியே எழுதுங்க."

அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடி படிக்கச் சொன்னேன். இந்தத் தடவை சரியாக இருந்தது. மைப்பெட்டியைத் தள்ளிவைத்தார். பெருவிரலை அழுத்தி வைத்தேன். துடைத்துக்கொள்ள ஒரு காகிதம் கிழித்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.